ஹாலு வந்திருக்கிறது

மைசூரில் நாங்கள் குடியிருந்த பின்கட்டில் தொலைபேசி கிடையாது. முன்பக்கம் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் இருந்தது. எங்களுக்கு வரும் அழைப்பை அவர்தான் எடுப்பார், அவர்தான் வந்து சொல்லுவார். சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்துத் தன் கருத்தையும் சேர்த்துக்கொள்வார். நல்ல மனுஷிதான். ஆனால் அந்தக் கோடையில் அவர் சேர்த்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

வேலையிலிருந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கதவுக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"நிம்ம தங்கி மனெயிந்த ஃபோன் பந்தித்து. ஹாலு பந்திதெயந்தெ. தேவரு தொட்டவனு."

தங்கை வீட்டிலிருந்து போன், பால் வந்திருக்கிறதாம், கடவுள் பெரியவன். நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதி.

தங்கைக்கு அப்போதுதான் இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. கொள்ளேகாலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவளைக் கொடுத்திருந்தோம். எங்கள் ஆட்களே, தமிழ் பேசும் குடியானவர்கள்தான். முதல் பிரசவத்தை மைசூரில் நான் பார்த்தேன். அம்மா இல்லாத வீட்டில் அக்காதானே அம்மா. இரண்டாவதற்கு அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் புழு. வீட்டில் பட்டுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். புழு தட்டில் இருக்கும்போது வீட்டை விட்டு ஒரு கை குறையக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்காரியின் கையும் அவர்கள் கணக்கில் ஒரு கைதான்.

பிள்ளை பிறந்த செய்தி கேட்டு அலுவலகத்திலிருந்தே கிளம்பிப் போனேன். பெண் குழந்தை. எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. தங்கைக்குப் பால் ஊறவில்லை. நெஞ்சு கல்லாக இருந்தது, பிள்ளை சப்பிச் சப்பி அழுது ஓய்ந்துபோகும். பசும்பாலில் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்து வைத்தார்கள். எனக்கு விடுப்பு இல்லை. திரும்பும்போது தங்கை புருஷனிடம், "என்ன ஆனாலும் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டச்சில் கை ஓடும், மனசு அந்தப் பிள்ளையின் வாயில் இருக்கும். அதனால்தான் வீட்டுக்காரம்மா சொன்னதும் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குக் கல்கண்டு வாங்கிக்கொண்டு போனேன்.

என் அலுவலகம் என்னவென்று சொல்ல வேண்டும். பட்டுப்புழு ஆராய்ச்சி நடக்கும் இடம். அதில் நோய்ப் பிரிவுக்கு நான் டைப்பிஸ்ட். முன்னறையில் என் மேஜை. உள்ளே ஆய்வறை. அங்கே போக எனக்கு அனுமதி இல்லை, ஆசையும் இல்லை. உள்ளே வேண்டுமென்றே புழுவுக்கு நோய் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த இனம் சாகிறது, எந்த இனம் தாங்குகிறது, ஏன் தாங்குகிறது. பிரிவுத் தலைவர் ஒரு பெண், கன்னடக்காரர். நாங்கள் மேடம் என்போம். அவர் எழுதுவதை நான் அடிப்பேன். ஹோஸ்ட், ரெசிஸ்டன்ஸ் என்று ஒரு பக்கத்துக்குப் பத்து தடவை வரும். ஹோஸ்ட் என்பதை அகராதியில் பார்த்தேன். விருந்து வைப்பவர் என்று இருந்தது. வைரஸுக்கு யாராவது விருந்து வைப்பார்களா என்று மேடத்திடமே கேட்டேன். "வைக்கிற மாதிரிதான் நடக்கும்" என்றார்.

அன்றைக்கு மேடம் வந்ததும் கல்கண்டை நீட்டி, "ஹாலு பந்திதெ, மேடம்" என்றேன்.

அவர் கை பாதியில் நின்றது.

"ஹாலா? எல்லி?"

"நம்ம தங்கி மனெல்லி."

"எஷ்டு தட்டெ?"

எங்கே என்று கேட்டார், தங்கை வீட்டில் என்றேன். இப்போது எத்தனை தட்டு என்று கேட்கிறார். நான் சிரித்தபடியே நின்றேன். பிறகு சிரிப்பு போய்விட்டது. கல்கண்டுப் பொட்டலம் கையிலேயே இருந்தது.

ஹாலு என்றால் கன்னடத்தில் பால். ஆனால் புழு வளர்க்கிறவர்களுக்கும், புழுவைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கும் அது ஒரு நோயின் பெயர். அந்த நோய் வந்த புழு உப்பும், கணுக்கணுவாக வீங்கும், தோல் மினுமினுக்கும். இலை தின்னாமல் தட்டின் விளிம்பில் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டால் தோல் கிழிந்து பால் மாதிரி வழியும். அதனால் ஹாலு. வைரஸ் நோய். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அதன் ஆங்கிலப் பெயரை அடித்தவள் நான். நாட்டுப் பெயர் காதில் விழுந்தபோது தாய்ப்பாலைத்தான் நினைத்தேன். நினைக்காமல் என்ன செய்வேன்? பிள்ளை பட்டினி கிடக்கிறதே.

அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தேன். தங்கை புருஷன் காசு கொடுத்துப் போன் போட்டு, முகம் தெரியாத ஒரு வீட்டுக்காரம்மாவிடம், என் பெண்டாட்டிக்குப் பால் ஊறிவிட்டது என்று சொல்லுகிற ஆளா? செத்தாலும் சொல்ல மாட்டார். இது நேற்றே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். உங்களுக்கும் உறைத்திருக்காது.

மேடத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. புழு எந்தப் பருவம், எந்த இனம் என்று கேட்டார். கடைசி ஜ்வரம் முடிந்திருக்கும் என்றேன். புழு தோல் உரிக்கிறதை எங்கள் பக்கம் ஜ்வரம் என்றுதான் சொல்வார்கள். அதற்கப்புறம் புழு இரவு பகலாகத் தின்னும். நோய் வந்தால் அப்போதுதான் வாரிக்கொண்டு போகும். இனம் வெள்ளைக்கூடு, வெள்ளையாகக் கூடு கட்டுகிற கலப்பினம். கொஞ்சம் நாட்டு மஞ்சளும் இருக்கிறது என்றேன்.

"கோடையில் வெள்ளைக்கூடு வைத்தார்களா? அது வெயில் தாங்காதே."

"வைக்கச் சொல்லி வந்து சொன்னது யாரு? உங்க டிபார்ட்மென்ட் ஆளுதானே."

மேடம் எழுந்து உள்ளே போனார். ஒரு பையில் ப்ளீச்சிங் பவுடரும் இன்னொரு பையில் நீற்றின சுண்ணாம்புப் பொடியும் கொடுத்தார். வீங்கிய புழுவைப் பொறுக்கி மருந்துத் தண்ணீரில் போட வேண்டும், வாசலில் எறியக் கூடாது, கோழிக்குப் போடக் கூடாது, புழுவின் படுக்கையில் சுண்ணாம்பு தூவ வேண்டும், உள்ளே போகிற எல்லோரும் கை கழுவ வேண்டும் என்று சொன்னார். மூடி போட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றும் தந்தார். நாலைந்து புழுவை அதில் எடுத்து வரச் சொன்னார்.

நான் பஸ் பிடித்தேன். நரசிபுரம் தாண்டும்வரை நிற்கத்தான் இடம். பையிலிருந்து ப்ளீச்சிங் பவுடர் நாற்றம் அடித்தது. பக்கத்தில் நின்ற ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏனம்மா, கக்கூஸ் தொளியோக்கா?" என்று கேட்டார். ஆமாம், உங்கள் வீட்டுக் கக்கூஸைத்தான் கழுவப் போகிறேன் என்று கன்னடத்திலேயே சொன்னேன். அவர் நகர்ந்து நின்றுகொண்டார்.

மதியம் போய்ச் சேர்ந்தேன். தங்கை வீட்டுக்குள் இல்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சார்ப்பு இருந்தது. மல்பெரிக் குச்சிகளைப் போட்டு வைக்கிற இடம். அங்கே கட்டிலைப் போட்டு அவளையும் பிள்ளையையும் உட்கார வைத்திருந்தார்கள். மூத்த பெண்ணை அவளிடம் விடவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கவில்லை, அழவும் இல்லை. பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அக்கா, என்னாலயா?"

"என்னது உன்னால?"

"புழு. நாந்தான் தீட்டோட உள்ள போனேன்."

விஷயம் இதுதான். புழு வளர்க்கிற இடத்தைப் புழுமனை என்பார்கள். தீட்டுக்காரி அதற்குள் போகக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டுக் கழிகிறவரை நிழல்கூட விழக் கூடாது. ஆனால் கடைசி ஜ்வரம் எழுந்த அன்று இலை போட ஆள் போதவில்லை. புருஷன் தோட்டத்தில் இலை அறுக்கப் போயிருக்கிறார். மாமியாருக்கு மூட்டுவலி. புழு பசியில் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இவள் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் இலை போட்டிருக்கிறாள். அப்போது மாமியாரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நோய் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான் நேரே புழுமனைக்குப் போனேன். தங்கை புருஷன் வாசலிலேயே நின்றார்.

"இப்பத்தான் வரோணும்னு தோணுச்சாக்கா? நேத்தே போன் பண்ணிச் சொன்னனே, ஹாலு வந்துருச்சுன்னு."

"நான் தங்கச்சிக்குப் பால் வந்துருச்சுன்னு நெனச்சேன்."

அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க்கா, ஊரான் ஊட்டுப் பொம்பளகிட்டப் போயி எம்பொண்டாட்டிக்குப் பால் வந்துருச்சுன்னா சொல்லுவேன்? எனக்கென்ன கிறுக்கா?"

"ஒரு வார்த்தை புழுவுக்குன்னு சேத்துச் சொன்னா வாய் தேஞ்சு போயிருமா?"

"ஹாலுன்னா புழுவுக்கில்லாம வேற எதுக்கு வரும்?"

அவருக்கு அப்படி. வேறு எதற்கு வரும் என்று கொட்டகையில் உட்கார்ந்திருப்பவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

உள்ளே போனேன். இரண்டு பக்கமும் மூங்கில் தட்டுகள் அடுக்கியிருந்தன. வழக்கமாகப் புழுமனைக்குள் போனால் மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கும், புழு இலை தின்கிற சத்தம். அன்று சத்தம் குறைந்திருந்தது. இலை வாடிக் கிடந்தது. வெள்ளைப் புழுக்கள் விளிம்பில் சுற்றிச் சுற்றி ஓடின. சில விளிம்பிலிருந்து தொங்கின. கீழ்த்தட்டில் வெள்ளையாகச் சொட்டியிருந்தது. அந்தச் சொட்டு விழுந்த இலையைத் தின்கிற புழுவுக்கும் வரும்.

பொழுது சாயும்வரை பொறுக்கினோம். நானும் தங்கை புருஷனும். வீங்கினதை எடுத்து வாளியில் போடுவது, சுண்ணாம்பு தூவுவது, அடுத்த தட்டு. கை தோலெல்லாம் எரிந்தது. ஒரு மூலையில் நாட்டு மஞ்சள் வைத்திருந்த தட்டுகளுக்கு வந்தோம். அங்கே வாளிக்குப் போட ஒன்றிரண்டுதான் இருந்தன. மற்றவை மளமளவென்று தின்றுகொண்டிருந்தன. அதே வீடு, அதே இலை, அதே கை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வெளியே வந்து மாமியாரிடம் போனேன். அவர் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து மூத்த பேத்திக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"அத்தை, எந்தங்கச்சி உள்ள போயி எல்லாத் தட்டுக்குந்தானே இலை போட்டா?"

"ஆமா."

"அப்ப மஞ்சளுக்கு ஏன் வரல? தீட்டு நிறம் பாத்தா வருது?"

இதற்குப் பதில் இருக்காது என்று நினைத்தேன். அவர் சீப்பில் இருந்த முடியை உருவிச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"மஞ்சள் நம்ம மண்ணுல பொறந்த புழு அம்மிணி. மாதேஸ்வரன் மலைச் சாமியப் பாத்து வளந்தது. அதுக்குத் தாங்கற தெம்பு இருக்குது. வெள்ள, எங்கிருந்தோ கொண்டாந்து கலந்தது. பூஞ்சை ஒடம்பு. தீட்டுப் பட்டா நிக்குமா?"

மேடம் நீளநீளமான வாக்கியத்தில் எழுதி நான் அடித்ததில் பாதியை இந்தக் கிழவி தலை சீவிக்கொண்டே சொல்லிவிட்டார். பாதிதான். மீதிப் பாதி பழியாக என் தங்கையின் தலையில் இருந்தது.

"பட்டணத்துல படிச்சவ கேக்கறா, நானுஞ் சொல்றேன்" என்றார். "புழு போனாப் போவுது. அந்தப் புள்ளை பொறந்த நேரத்தையும் பாக்கோணும்."

அதுதான் எனக்குப் பயம். தீட்டு ஒரு நாள் கழிந்துவிடும். பிறந்த நேரம் என்று ஒன்று ஒட்டிவிட்டால் அந்தப் பிள்ளை கல்யாணம் ஆகிப் போகிறவரை கழியாது. மழை பெய்யாவிட்டாலும் அவள், மாடு செத்தாலும் அவள். ஊரில் அப்படி ஒட்டிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும்.

கொட்டகையில் பிள்ளை அழுதது. தங்கை சட்டென்று பிள்ளையை மார்பில் வைக்கவில்லை. முதலில் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினாள், மறுபடி கழுவினாள், மறுபடி. சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

மறுநாள் கண்ணாடிக் குழாயோடு மேடத்தின் முன்னால் நின்றேன். அவர் குழாயை வாங்கி உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் நுண்ணோக்கியை முன்னறைக்கே தூக்கிவரச் சொன்னார். "பார்" என்றார். அடித்து அடித்துக் கை தேய்ந்த விஷயத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். சின்னச் சின்னக் கல்கண்டு மாதிரி இருந்தது. பளபளவென்று, பட்டை தீட்டிய மாதிரி, கண்ணாடி முழுக்க. அழகாக இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

மேடம் கன்னடத்தில் விளக்கினார். வைரஸ் இந்தப் படிகத்துக்குள் பொதிந்து கிடக்கும். தூசியில் கிடக்கும், சுவர் வெடிப்பில் கிடக்கும், மூங்கில் தட்டின் பின்னலில் கிடக்கும். வருஷக்கணக்கில் சாகாது. இலையோடு புழுவின் வயிற்றுக்குள் போனதும் அங்கே இருக்கிற காரத்தில் படிகம் கரைந்துவிடும். புழு தின்றதைச் செரிக்க வைத்திருக்கிற சாறுதான் கதவைத் திறந்துவிடுகிறது. அதைத்தான் விருந்து என்றார் போலிருக்கிறது. சில இனங்களின் குடல் சாற்றில் வைரஸை மடக்கிப் பிடிக்கிற ஏதோ இருக்கிறது. நாட்டுப் புழுவில் அது எப்படி, வெள்ளைப் புழுவில் எப்படி என்றுதான் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அதெல்லாம் நான் அடிச்சதுதான் மேடம். எனக்கு ஒண்ணு சொல்லுங்க. பிள்ளை பெத்தவ உள்ள போனா வருமா?"

"பிள்ளை பெற்றதால் வராது. அப்படி ஒன்றும் கிடையாது."

"அப்ப அவளால வரல."

அவர் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார்.

"கையில் ஒட்டிக்கொண்டு வரலாம். காலில் வரலாம். யாருடைய கையிலும் வரலாம். அந்த வீட்டிலேயே போன வருஷத்துத் தூசியில் இருந்திருக்கலாம். வெயில் ஏறி இறங்கினதில் புழு பலவீனமாகி உள்ளே இருந்தது கிளம்பியிருக்கலாம். யார் கொண்டுவந்தார்கள் என்று சொல்ல முடியாது."

"சொல்ல முடியாதுன்னா என்ன அர்த்தம்? இத்தனை பக்கம் எழுதறீங்க."

"எழுதுவதிலும் அதைத்தானே எழுதுகிறேன். நீ அடிப்பதைப் படிப்பதில்லையா?"

படித்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும் மேலும் ஆராய வேண்டும் என்று வரும். அதை அடிக்கும்போதெல்லாம் எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும்.

பிறகு எனக்கு இன்னொன்று தோன்றியது. பிள்ளையைப் பார்க்க நான் போனேனே. அலுவலகத்திலிருந்து நேரே, உடுத்தின சேலையோடு. மாமியார் பெருமையாகப் புழுமனைக்குள் கூட்டிக்கொண்டு போய் வெள்ளைப் புழுவைக் காட்டினார். நான் குனிந்து ஒரு தட்டில் கை வைத்துப் பார்த்தேன்.

"மேடம், என் சேலையில போயிருக்குமா?"

"நீ முன்னறையில்தானே உட்காருகிறாய். உள்ளேயிருந்து வருகிறவர்கள் கோட்டைக் கழற்றிவிட்டுக் கால் கழுவிவிட்டுத்தான் வருகிறோம். வாய்ப்பு மிகக் குறைவு."

"இல்லைன்னு சொல்லுவீங்களா?"

"இல்லை என்று சொல்ல முடியாது."

இதைக் கேட்டுவிட்டு நான் நாள் முழுக்க அடித்தேன். என்ன அடித்தேன் என்று தெரியாது. தங்கை கை கழுவுகிற கதையையும் மேடத்திடம் சொல்லியிருந்தேன். போகும்போது கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். புழுவின் தாய் முட்டை இட்டதும் செத்துப்போகும். நோயைத் தாங்கப் பிள்ளைக்குப் பாலில் எதையும் கொடுத்துவிட்டுப் போகிற வழி அதற்குக் கிடையாது. மனுஷிக்கு உண்டு. உன் தங்கையைப் பிள்ளையை மார்பில் வைத்துக்கொண்டே இருக்கச் சொல். கை கழுவினது போதும், பால் வந்தாலும் வராவிட்டாலும் வைக்கச் சொல், சப்பச் சப்பத்தான் ஊறும் என்றார்.

வார விடுமுறையில் மறுபடி போனேன். வெள்ளைப் புழுவில் பெரும்பகுதி போய்விட்டது. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடியிருந்தார்கள். மீதி கொஞ்சம் கூடு கட்ட ஏறியிருந்தது. மஞ்சள் எல்லாம் ஏறிவிட்டது. முற்றத்தில் தங்கை புருஷனும் மாமியாரும் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியும் இருந்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, மலையில் ஒருத்தர் குறி சொல்லுகிறார், பிள்ளையின் நேரத்தைக் கேட்டு வந்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தங்கை கொட்டகையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது நான் எதையும் திட்டம் போடவில்லை. மேடம் சொன்னதை அப்படியே சொல்லத்தான் வந்தேன். படிகம், தூசி, காரம் எல்லாம். ஆனால் சொல்ல முடியாது என்கிற வார்த்தையை அந்த முற்றத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்ல முடியாது என்றால் அவளாகவும் இருக்கலாம் என்றுதானே அர்த்தம். யாராவது ஒருத்தி வேண்டும் அவர்களுக்கு.

"நான் கேட்டுட்டு வந்துட்டேன்" என்றேன். "நோய் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுருச்சு."

மாமியார் நிமிர்ந்தார்.

"எங்கிருந்து?"

"எங்கிட்ட இருந்து. நான் வேலை செய்யற எடத்துல இந்த நோயை வளக்கறாங்க. பாட்டில் பாட்டிலா வெச்சிருக்காங்க. நான் அங்கிருந்து உடுத்தின சேலையோட நேரா இங்க வந்தேன். நீங்கதானே அத்தை உள்ள கூட்டிட்டுப் போனீங்க? தட்டுல கை வெச்சனே, ஞாபகமிருக்கா? அதுல வந்துச்சு."

யாரும் பேசவில்லை. தங்கை புருஷன் என்னையே பார்த்தார். மாமியார் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார். அந்த நாளை, நான் நின்ற இடத்தை, கை வைத்த தட்டை நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"மேலத்தட்டுல வெச்சே" என்றார். "அந்தத் தட்டுதான் மொதல்ல போச்சு."

அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. எந்தத் தட்டு முதலில் போனது என்று அதற்குமுன் யாரும் சொல்லவில்லை.

"நோயை எதுக்கு அம்மிணி வளக்கறாங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"அதை எங்கிட்டக் கேட்டா? எனக்கு அடிக்கறதுக்குத்தான் சம்பளம்."

"நாம நோய் வேண்டாம்னு கும்புடறோம், கவுருமென்ட் சம்பளம் குடுத்து வளக்குது" என்று அவள் சிரித்தாள். தங்கை புருஷனும் சிரித்துவிட்டார். மாமியார் சிரிக்கவில்லை.

"இனி நீ புழுமனைக்குள்ள காலெடுத்து வெக்கக் கூடாது."

"வெக்கல."

"வந்தா அந்தக் கொட்டாயோட நின்னுக்கோணும். குளிச்சு வேற துணி கட்டிட்டுத்தான் வாசப்படி ஏறோணும்."

"சரிங்க அத்தை."

மலைக்குப் போகிற பேச்சு நின்றது. சாயங்காலம் கட்டிலை உள்ளே தூக்கிப் போட்டார்கள். இரக்கத்தால் அல்ல. கூடு பிரிக்க ஆள் வேண்டும். தங்கையின் தீட்டு அன்றோடு முடிந்தது. எப்போது முடியும் என்று யாரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

நான் கிளம்பும்போது தங்கை பிள்ளையோடு வாசல் வரைக்கும் வந்தாள்.

"நெசமாவாக்கா?"

நிஜம் என்று சொன்னால் மேடம் சொன்னதுக்கு மேலே போகிறேன். பொய் என்று சொன்னாலும் மேலே போகிறேன். அவள் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ஆமா" என்றேன். "நீ கையைக் கழுவிக் கழுவிப் புண்ணாக்காதே. புள்ளையை எடுத்து வெய்யி."

அதற்கப்புறம் அவளுக்குப் பால் ஊறியது. நிறைய இல்லை, பிள்ளைக்குப் போதும் என்கிற அளவுக்கு. பழி இறங்கினதால் ஊறியதா, கட்டில் உள்ளே போனதாலா, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையாலா, பூண்டாலா? சொல்ல முடியாது. மேடத்திடம் கற்றுக்கொண்ட வார்த்தை. முன்னெல்லாம் அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதும் வரும்.

வீட்டுக்காரம்மாவிடம் சண்டை போட்டேன். இனிமேல் போன் வந்தால் எது, யாருக்கு, மனுஷருக்கா புழுவுக்கா என்று கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அவர் ஒழுங்காகக் கேட்க ஆரம்பித்தார். தங்கை புருஷனிடம் ஒருமுறை, எருமை கன்று போட்டது என்று சொல்ல வந்த மனுஷனிடம், மனுஷருக்கா புழுவுக்கா என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பெண் பிள்ளை வளர்ந்தது. அவள் பிறந்த நேரத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. பேச வேண்டியிருந்ததெல்லாம் என்னைப் பற்றித்தான். ஒவ்வொரு தடவையும் போகிறதற்கு முன்னால் சேலையை ப்ளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுப்பேன். என் சேலைகளிலெல்லாம் வெளுத்த புள்ளிகள் இருந்தன. போய்ச் சேர்ந்ததும் கொட்டகையில் குளித்து, அவர்கள் கொடுக்கிற துணியைக் கட்டிக்கொள்வேன். அவர்களை ஏமாற்றச் செய்தது என்று நினைக்காதீர்கள். எனக்கே பயம்தான். புழுமனை ஜன்னல் பக்கம் போகும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். உள்ளே மழை பெய்கிற சத்தம் ஒழுங்காகக் கேட்கிறதா என்று வெளியில் நின்றே கேட்பேன்.

பிள்ளைக்கு இரண்டு வயது ஆகியிருந்தபோது ஒரு தடவை நான் கொட்டகையில் துணி மாற்றிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகப் பெண் கொடுத்தவர்கள் வந்திருந்தார்கள். ஏன் அந்தம்மா அங்கேயே நிற்கிறார், உள்ளே வரச் சொல்லுங்கள் என்றார்கள். என் தங்கை சொன்னது கேட்டது.

"எங்கக்கா பட்டணத்துல நோய் ஆபீஸ்ல இருக்கறாங்க. அவங்க சேலைல வந்துதான் ஒரு வருஷம் எங்களுக்கு ஹாலு வந்து எல்லாம் போச்சு. அவங்க குளிச்சுட்டுத்தான் வருவாங்க."

குரலில் சந்தேகமே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து நாலு வார்த்தை கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு அவள் கை கண்ணில் பட்டது. வந்தவர்களுக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டிருந்தாள். தோல் ஆறி, புழு வேலை செய்கிற கை மாதிரி இலைக்கறை பிடித்துக் கிடந்தது. கழுவாமல் அப்படியே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

நான் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு கொட்டகையிலேயே நின்றேன்.